இல்லாத முந்நூறு நாற்காலிகள்

நடமாட்ட உதவித் துறையில் ஒரு பட்டியல் இருந்தது. சக்கர நாற்காலி கேட்டு மனுப் போட்ட முந்நூற்று நாற்பது பேரின் பெயர்கள் அதில் இருந்தன. நாற்காலிகளும் வந்து சேர்ந்துவிட்டன. அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கில், மடித்து, உறை போட்டு, சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். கூப்பிட்டுக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் ஒரு துறை அப்படி அவசரப்பட்டு எதையும் முடித்துவிடக் கூடாது என்பது இயக்குநரின் எண்ணம். முதலில் பட்டியல் அழகாக இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் திரைக்காரரை வேலைக்கு எடுத்தார்கள். கணினித் திரையில் வருவதையெல்லாம் செய்கிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சாதுவான மனிதர். யாராவது காலை மிதித்தால்கூட, கால் அங்கே இருந்ததற்காக இவர் மன்னிப்புக் கேட்பார்.

பட்டியலின் ஒவ்வொரு வரியும் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சின்ன நிரலுக்கு அவர் தொழிலில் ரெண்டரர் என்று பெயர். சாதாரணமான ரெண்டரர் ஒன்று கணினியோடு கூடவே வரும். அது பெயரைக் கறுப்பு எழுத்தில் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை.

“மனுப் போட்டவர் ஒவ்வொருத்தரும் ஒரு மனுஷன்,” என்றார். “அவரை ஒரே ஒரு வரியில, அதுவும் இவ்வளவு குள்ளமா காட்டறது மரியாதையா? வரியைக் கொஞ்சம் உயரமாக்குங்க.”

வரியை உயரமாக்க ஒரு குழு போடப்பட்டது. வரி அழகியல் குழு பதினொரு முறை கூடியது. உயரத்துக்கு மூன்று கூட்டம். மனுதாரரின் படம் வட்டமா சதுரமா என்பதற்கு இரண்டு. மீதி ஆறும் குறிக்குப் போயின. நாற்காலி வாங்கியவரின் பெயருக்கு நேரே ஒரு பச்சைக் குறி வர வேண்டும். அது கிளிப்பச்சையா, இலைப்பச்சையா? கடைசிக் கூட்டத்தில் இயக்குநரே தீர்ப்புச் சொன்னார். இலைப்பச்சை. ஆனால் சட்டென்று வந்து நிற்கக் கூடாது, பூ மலர்வது போல மெல்ல விரிய வேண்டும். திரைக்காரர் அதைச் செய்து காட்டியபோது குழுவில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. செய்து காட்டியதெல்லாம் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட ஐந்து பெயர்களை வைத்துத்தான். அந்த ஐந்தும் ஒரே திரையில் அடங்கிவிட்டன. உருட்டிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

இதற்கிடையில் கிடங்குக்காரர், யாரும் சொல்லாமலே, பட்டியலின் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்து, வந்து நின்றவர்களுக்கெல்லாம் நாற்காலி கொடுத்துக்கொண்டிருந்தார். இப்படி முப்பத்தொரு பேருக்குக் கொடுத்திருந்தார். முதல் ஒன்பது பேர் மட்டும் தூரத்து ஊர்க்காரர்கள், வர முடியவில்லை. நாற்பதாம் பெயரோடு கையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. பட்டியல் திறப்பு விழாவுக்கு முன்னால் நாற்காலி கொடுப்பது ஒழுங்கில்லையாம்.

இனி நடந்தது புரிவதற்கு, திரைக்காரரின் தொழிலில் ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரையில் ஒரு நேரத்தில் பன்னிரண்டு வரிகள்தான் தெரியும். அதனால் முந்நூற்று நாற்பது வரிகளைச் செய்து அடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு மட்டும் செய்துகொள்வார்கள். உருட்டும்போது மேலே போய் மறைகிற வரியை எடுத்து, அதிலிருக்கும் பெயரைத் துடைத்து, அடுத்தவர் பெயரை எழுதிக் கீழே கொண்டுவந்து வைப்பார்கள். பன்னிரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு ஊருக்கே பந்தி போடுவது மாதிரி. ஒவ்வொருவர் எழுந்ததும் தட்டைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

திரைக்காரர் பழைய பெயரைத் துடைத்தார். பழைய படத்தைத் துடைத்தார். குறியை மட்டும் விட்டுவிட்டார். ‘நாற்காலி வாங்கியிருந்தால் குறியைப் போடு’ என்று எழுதியவர், ‘வாங்காவிட்டால் குறியை எடு’ என்று எழுதவில்லை. பூ எப்படி மலர வேண்டும் என்று ஆறு கூட்டங்களில் கேட்டவர்கள், அது எப்போது உதிர வேண்டும் என்று கேட்கவே இல்லை.

ஆனால் பழி முழுவதையும் குழுவின் தலையில் போட்டுவிட முடியாது. விழா அன்று காலை, முழுப் பட்டியலையும் முதல் முறையாக ஏற்றி, திரைக்காரர் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். நாற்பதாம் பெயருக்குப் பிறகு ஒரு குறிகூட வரக் கூடாது. நாற்பத்தொன்றில் வந்தது. நாற்பத்திரண்டிலும் வந்தது. கண்ணால் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் இயக்குநரின் கார் நிற்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்தார்கள், இவரும் எழுந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

துறையில் நெடுநாள் வழக்கம் ஒன்று இருந்தது. திரையில் தெரிவதைப் பார்த்து ஒரு எழுத்தர் பெரிய பதிவேட்டில் எழுதுவார். எழுதியதற்கு முத்திரை விழும். முத்திரை விழுந்தது உண்மையாகிவிடும். கணினிக்குள்ளே பத்திரமாக இருக்கும் விவரத்தை யாரும் கேட்பதில்லை. “உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? வெளியே தெரியறதுதான் நிர்வாகம்,” என்பது இயக்குநர் அடிக்கடி சொல்வது.

அன்று பெரிய திரையில் அவரே தம் கையால் உருட்டினார். முதலில் மூன்று பூக்கள். அடுத்து பன்னிரண்டு. அதற்குப் பிறகு உருட்ட உருட்ட இலைப்பச்சையாகவே இருந்தது. எழுத்தரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிப் பெயர் வந்து நின்றதும் எழுத்தர் கூட்டிப் பார்த்து, முந்நூற்று முப்பத்தொன்று என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“நேத்துவரைக்கும் முப்பத்தொண்ணு,” என்றார் இயக்குநர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “இன்னைக்கு முந்நூத்து முப்பத்தொண்ணு. ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாம முந்நூறு பேருக்குக் குடுத்திருக்கோம். இதுக்குப் பேர்தான் தொழில்நுட்பம்.”

திரைக்காரர் எழுந்தார். “சார், இதுல ஒரு சின்னத் தப்பு…”

“தெரியும். அந்த ஒன்பது பேர்தானே? நீங்க அதுக்கு வருத்தப்படாதீங்க. அவங்க ஏன் வாங்காம இருக்காங்கன்னு நான் விசாரிக்கறேன்.”

திரைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒன்பது பேருக்கும் மறுநாளே வண்டி வைத்து நாற்காலி போனது. கூடவே, இத்தனை நாள் பெறாமல் இருந்து துறையின் விகிதத்தைக் குறைத்ததற்கு விளக்கம் கேட்டு ஆளுக்கு ஒரு கடிதமும் போனது. நூற்றுக்கு நூறு ஆயிற்று. திரைக்காரருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு அவர் மேசைக்கு நேர் மேலே மாட்டினார்கள். அவர் தலையைக் குனிந்தே வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு தையற்காரி வந்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தாள். அவள் கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பட்டியலில் இருநூற்றுப் பதினான்காம் பெயர் அவருடையது. தரை ஓடு விற்கும் கடை ஒன்றில், வருகிறவர்களின் வீட்டு அளவைக் கேட்டு எத்தனை ஓடு வேண்டும் என்று சொல்லும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்து வேலை. இந்த மாதம் முடியும்வரை காத்திருக்கிறேன் என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கடைக்குப் போய்ச் சேர நாற்காலி வேண்டும். இதையெல்லாம் அவள் ஜன்னலில் நின்று பொறுமையாகச் சொன்னாள். ஜன்னலுக்கு மூன்றடி தள்ளித்தான் திரைக்காரரின் மேசை.

எழுத்தர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“வாங்கியாச்சேம்மா. பாருங்க.”

“வாங்கலையே சார்.”

“ரெண்டாவது வேணும்னா, முதல்ல வாங்கினதைக் கொண்டுவந்து குடுத்துட்டுக் கேளுங்க.”

“எதை சார் கொண்டு வர்றது?”

“அதை நீங்கதானே சொல்லணும்?”

எழுத்தர் கெட்டவர் இல்லை. நாற்காலி தொலைந்துவிட்டால் கொடுக்க வேண்டிய படிவத்தை எடுத்து அவரே பாதி எழுதியும் கொடுத்தார். தொலைந்த நாற்காலியின் வரிசை எண்ணை மட்டும் அவள் எழுதினால் போதும் என்றார். அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வட்டத்துக்குள் கணவரின் முகம். விழுவதற்கு முன்னால் எடுத்த படம். பக்கத்தில் அந்தக் குறி மெல்ல மலர்ந்தது.

“பார்க்க அழகாத்தான் இருக்கு,” என்றாள். “யார் சார் செஞ்சது?”

எழுத்தர் கை காட்டினார். அவள் திரும்பி, திரைக்காரரைப் பார்த்து, “நல்லா இருக்கு தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவர் அன்று சாப்பிட்டிருப்பார். அவள் மெய்யாகவே சொன்னாள்.

அன்று மதியமே திரைக்காரர் விட்டுப்போன அந்த ஒரு வரியை எழுதினார். வாங்காவிட்டால் குறியை எடு. மறுநாள் காலை திரையில் நாற்பது பூக்கள்தான் இருந்தன. பத்து நிமிடத்தில் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் அதற்குள் குறியிழப்பு விசாரணைக் குழு அமைந்து, தண்ணீர்ப் பாட்டில்களும் வைத்தாகிவிட்டது.

“போன வாரம் முந்நூறு ஏழைங்க நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க,” என்று இயக்குநர் தொடங்கினார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “இன்னைக்கு நீங்க ஒரே ஒரு வரியை எழுதி அத்தனை பேரையும் கீழே தள்ளிட்டீங்க.”

“அவங்க உட்காரவே இல்ல சார்.”

“உட்காருறதும் உட்காராததும் பயனாளியோட சுதந்திரம். அதுல நாம தலையிட முடியாது. குறி மட்டும்தான் நம்ம பொறுப்பு. மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா நீங்களே போய் அந்த வரியை எடுத்துடுங்க.”

மனசாட்சி இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. பயமே அறியாதவர்கள் வேண்டுமானால் அவரைக் குறை சொல்லலாம். அவர் போய் அந்த வரியை எடுத்தார். முதல் தடவை தெரியாமல் விட்டதற்கும், இந்தத் தடவை தெரிந்தே எடுத்ததற்கும் உள்ள தூரம் அவர் விரல் நுனியில் வலித்தது.

பிறகு துறை இன்னும் சுறுசுறுப்பானது. கொடுத்த நாற்காலிகளைப் பயனாளிகள் ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆய்வாளரை வீடு வீடாக அனுப்பினார்கள். அவர் எழுதியதைப் பட்டியலில் சேர்க்க ஒவ்வொரு வரியிலும் ‘நாற்காலியின் நிலை’ என்று ஒரு புதிய இடம் செய்யச் சொன்னார்கள். திரைக்காரர் செய்தார். இருநூற்றுப் பதினான்கில் இப்படி வந்தது: ‘நாற்காலி நல்ல நிலையில் உள்ளது. ஆய்வின்போது வெளியே சென்றிருந்தது. பயனாளி வீட்டில் படுத்திருந்தார்.’

கிடங்குதான் ஒரே இடைஞ்சல். எல்லாம் கொடுத்தாயிற்று என்று பதிவேடு சொல்லும்போது முந்நூறு நாற்காலிகள் அங்கே நின்றுகொண்டிருந்தன. கிடங்குக்காரர் நேர்மையானவர், எழுதிக் கேட்டுவிட்டார். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு சுற்றறிக்கை வந்தது. கிடங்கில் காணப்படும் நாற்காலிகள் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டபடியால் அவை அங்கே இல்லாதவையாகக் கருதப்பட வேண்டும். இல்லாத பொருளைப் பற்றிக் கேள்வி எழுப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

திரைக்காரர் கிடங்குக்குப் போனபோது கிடங்குக்காரர் தோளில் துணியோடு ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இல்லாததை எதுக்கண்ணே துடைக்கறீங்க?”

“இல்லாட்டி என்ன தம்பி, தூசி படியுதே.”

அன்று சாயங்காலம் திரைக்காரர் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டதும் தட்டுகளைக் கழுவுவது அவர் வேலை. ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தும் மனைவிக்கு ஆள் சரியில்லை என்றால் முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். என்ன என்று கேட்டாள். அவர் திரும்பாமலே எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு தட்டு, ஊர்ப் பந்தி, கழுவாமல் விட்டது. “ஒருத்தர் சாப்பிட்ட தட்டை அப்படியே அடுத்தவர் முன்னால வெச்சுட்டேன். தட்டுல மிச்சம் ஒட்டியிருக்கு, நீ சாப்பிட்டாச்சுன்னு அவரை எழுப்பி விட்டுட்டாங்க. பசியோட போயிட்டார்.” விழா அன்று காலையிலேயே பார்த்துவிட்டதையும் சொன்னார். அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் ஈரத் தட்டை அவர் கையிலிருந்து வாங்கித் துடைத்தாள்.

“தட்டைக் கழுவத்தான் விடமாட்டேங்கறாங்க. சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“பட்டியல்ல குடுத்தாச்சுன்னு இருக்கு. நீங்க குடுத்துட்டா, அது பொய்யில்லாம போயிடும். கடவுள்கிட்ட மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கலாம், முதல்ல அந்த அம்மா வீட்டுக்குப் போங்க.”

மறுநாள் மதிய இடைவேளையில் கிடங்குக்காரர் ஒரு நாற்காலியின் உறையைக் கழற்றி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, விரித்துக் கொடுத்தார். திரைக்காரர் அதைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அலுவலகத்திலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் வாசல் காவலரிடம் அனுமதிச் சீட்டு காட்ட வேண்டும். காவலர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். நோட்டைப் பிரித்தார். சுற்றறிக்கை அவருக்கும் வந்திருந்தது.

“என்ன சார் கொண்டு போறீங்க?”

திரைக்காரருக்குப் பொய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வழியில்லை. “துறையோட கணக்குப்படி, ஒண்ணுமில்ல,” என்றார்.

“ஒண்ணுமில்லாததுக்குச் சீட்டு எழுத நோட்டுல இடம் இல்ல,” என்று காவலர் நோட்டை மூடினார். கதவை அகலத் திறந்தார். நாற்காலியின் முன்சக்கரம் வாசல் விளிம்பில் தட்டியபோது குனிந்து தூக்கியும் விட்டார்.

வீடு இரண்டு தெரு தாண்டி ஒரு சந்தில் இருந்தது. முன்னறையில் தையல் மெஷின், அதன் பக்கத்தில் கட்டில். கொத்தனார் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். தையற்காரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். எங்கும் வேண்டாம் என்றார் அவர். இருவரும் சேர்ந்து கொத்தனாரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர் சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். செங்கல் தூக்கிப் பழகிய கையின் வேகத்துக்கு அறை சிறியதாகிவிட்டது.

“கடைக்கு எப்போ போகணும்?” என்று கேட்டார் திரைக்காரர்.

மெஷினில் கிடந்த துணியை அவள் மடித்தாள். “வேற ஆள் போட்டுட்டாங்க தம்பி. போன மாசத்தோட முடிஞ்சுது. கடைக்காரர் காத்திருந்துதான் பார்த்தார், பாவம்.”

திரைக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குறியைத் துடைக்காமல் விட்டது, முதல் நாளே பார்த்தது, எழுந்து உட்கார்ந்தது, திருத்தியதைத் தாமே அழித்தது. ஒன்றையும் விடவில்லை. கொத்தனார் அவர் முகத்தைப் பார்க்காமல், சக்கரத்தின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சாரம் கட்டினவன் ஒரு முடிச்சைச் சரியாப் போடல,” என்றார் கடைசியில். “அவனும் அன்னைக்குக் காலையில பார்த்திருப்பான். அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்திருப்பான். அவன் இதுவரைக்கும் இந்த வீட்டுப் பக்கம் வரல.” பிறகு நிமிர்ந்தார். “இன்னும் எத்தனை பேர் தம்பி?”

“இருநூத்தித் தொண்ணூத்தொன்பது.”

“தெரு பேரெல்லாம் கொண்டு வாங்க. இந்த ஊர்ல பாதி வீடு நான் கட்டினது. எந்தச் சந்துல சக்கரம் போகும், எந்த வாசல்ல படி உண்டுன்னு எனக்குத் தெரியும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் புறப்பட்டார்கள். கொத்தனார் தாமே சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். திரைக்காரர் ஒரு காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தார். கிடங்குக்காரர் இன்னொன்றோடு வந்தார். அதே வாரத்தில்தான் துறைக்கு நாட்டிலேயே சிறந்த துறை என்று விருது அறிவித்திருந்தார்கள். அன்றைக்குப் பட்டியலில் உண்மையாக இருந்தவை நாற்பத்தொரு குறிகள். மதியத்துக்குள் அது நாற்பத்துமூன்று ஆகும்.

கடைத்தெருவில் தரை ஓடு கடை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால், உட்கார்ந்த இடத்தில், ஓர் இளைஞன் காகிதத்தில் கட்டம் போட்டு யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். கொத்தனார் சக்கரத்தை நிறுத்தினார். பின்னால் திரைக்காரரும் நின்றார்.

கொத்தனார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூலைக்கு வெட்டுற கழிவைச் சேர்க்காம கணக்குப் போடறான்,” என்றார். “பத்து ஓடு குறையும்.” கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அந்தப் பையனிடம் மெதுவாக, வந்தவருக்குக் கேட்காதபடி அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

“இடது பக்கம் தம்பி,” என்றார். “மூணாவது வீடு. படி இல்ல.”

திரைக்காரர் காலி நாற்காலியைத் தள்ளினார். அது லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.